காபன் வரியும் போச்சு, ரிபேட்டும் போச்சு: குடும்பக் கணக்கில் லாபமா நட்டமா?

மார்க்கம்_எக்ளிண்டன் கேட்டது:

கனடாவில் 2025 ஏப்ரல் முதலாம் திகதியோடு பெற்றோலுக்கும் வீட்டுக் காஸுக்கும் இருந்த காபன் வரியைப் பூச்சியமாக்கினார்கள். பம்பில் விலை விழுந்தது உண்மை. ஆனால் கடைச் சாமான் எதுவும் இறங்கின மாதிரித் தெரியவில்லை. அந்த வரிக்கு ஈடாக மூன்று மாதத்துக்கு ஒருக்கால் வங்கியில் விழுந்துகொண்டிருந்த ரிபேட் காசும் நின்றுவிட்டது.

கலியாண வீட்டுக்குப் போனாலும் கோயிலுக்குப் போனாலும் இதில் இரண்டு கட்சி இருக்கிறது. ஒரு கட்சி, "பத்துக் குடும்பத்தில் எட்டுக்குக் கட்டினதைவிடக் கூடவே திரும்பி வந்தது, வரியை எடுத்ததால்தான் நட்டம்" என்கிறது. மற்றது, "அரிசியிலிருந்து தக்காளி வரை ஏறினதுக்கே அந்த வரிதான் காரணம்" என்கிறது. இரண்டு பக்கமும் கட்சிக்காரர் பேசினதைத்தான் திருப்பிச் சொல்லுகினம். ஒருத்தரும் கணக்குப் போட்டுக் காட்டவில்லை.

ஒன்ராறியோவில் நாலு பேர் குடும்பம், சொந்த வீடு, இரண்டு வாகனம் என்று வைத்துக்கொண்டு யாராவது சதக் கணக்கில் காட்ட முடியுமா? சாமான் விலையில் இந்த வரியின் பங்கு உண்மையில் எவ்வளவு?

கணக்குப்பிள்ளை:

வரிக்கு அடிப்படை ஒரு தொன் கரியமிலவாயு. 2018 இல் நிறைவேறிய சட்டப்படி 2019 ஏப்ரலில் தொன்னுக்கு 20 டொலரில் தொடங்கி 30, 40, 50 என்று போய், 2023 இல் 65, 2024 இல் 80. அங்கேதான் நின்றது. 2025 ஏப்ரலில் 95 ஆகியிருக்க வேண்டும், 2030 இல் 170. ஒரு லீற்றர் பெற்றோல் எரிந்தால் ஏறத்தாழ 2.2 கிலோ வெளியேறும். அதனால் 80 டொலர் என்பது பம்பில் லீற்றருக்கு 17.61 சதம். இயற்கை வாயுவுக்குக் கன மீற்றருக்கு 15.25 சதம். இதுக்கு மேலே எச்.எஸ்.ரி (விற்பனை வரி) 13 வீதம், அதாவது வரிக்கு மேல் வரி. கணக்குப் போடுகிற பலர் இதை மறந்துவிடுவார்கள். ரிபேட் அட்டவணையில் இந்த எச்.எஸ்.ரி வராது, அது தனியாக அரசாங்கத்தின் பெட்டிக்குப் போனது.

(இந்த நாட்டில் பெற்றோலும் காஸ், அடுப்புக்கும் ஃபர்னஸுக்கும் வருகிறதும் காஸ். கீழே "காஸ்" என்று எழுதினால் குழாயில் வருகிறது என்று எடுங்கள்.)

இனி நீங்கள் கேட்ட வீடு, 2024–25 வீதத்தில். ஒரு கார் வருடம் 15,000 கிலோமீற்றர், நூறுக்கு 8 லீற்றர்: 1,200 லீற்றர். ஒரு மினிவான் 12,000 கிலோமீற்றர், நூறுக்கு 11 லீற்றர்: 1,320 லீற்றர். மொத்தம் 2,520 லீற்றர். 17.61 சதத்தால் பெருக்கினால் 443.77 டொலர், எச்.எஸ்.ரி சேர்த்து 501.46. வீட்டுக் காஸ் வருடம் 2,400 கன மீற்றர் என்று எடுத்தால் 366 டொலர், எச்.எஸ்.ரியோடு 413.58. இரண்டும் சேர்த்து 915 டொலர்.

வந்த ரிபேட்: ஒன்ராறியோவில் முதலாமவருக்குக் காலாண்டுக்கு 140, துணைக்கு 70, பிள்ளை ஒன்றுக்கு 35. நாலு பேருக்கு 280, வருடத்துக்கு 1,120. மிச்சம் 205 டொலர்.

இந்த 205 தான் சண்டைக்கே காரணம். லாபம்தான், ஆனால் மெல்லிய லாபம். சாமான், பஸ், சேவை என்று மறைமுகமாக ஏறினதை இதற்குள்ளேதான் கழிக்க வேண்டும். கொஞ்சம் பெரிய வீடு, பழைய ஃபர்னஸ், வேலைக்கு நாளும் தூரம் ஓடுகிறவர் என்றால் அந்த 205 கரைந்துவிடும். வருடம் 40,000 கிலோமீற்றர் ஓடுகிற மூன்றாவது கார் ஒன்று இருந்தால் அதுக்கு மட்டுமே 637 டொலர் வரி. அந்த வீடு தெளிவாக நட்டம்.

மறுபக்கம் பாருங்கள். அடுக்குமாடியில் வாடகைக்கு இருக்கிற நாலு பேர், சூடு வாடகைக்குள் அடக்கம், ஒரே கார்: கட்டினது 239, வந்தது 1,120. அந்த வீட்டுக்கு 880 டொலர் மிச்சம். தனி ஆள் சொந்த வீட்டில்: ரிபேட் 560, காஸுக்கு 414, காருக்கு 239, ஆக 93 டொலர் நட்டம். ஃபர்னஸ் எத்தனை பேர் வீட்டில் இருக்கிறார்கள் என்று பார்த்து எரிவதில்லை, ரிபேட்டோ தலைக்கணக்கு.

எங்கள் ஆட்களிடம் இன்னொன்று உண்டு. அம்மா அப்பா கூட இருக்கிற வீடு. அவர்கள் தங்கள் வரிப் படிவத்தைத் தனியாகத் தாக்கல் செய்கிறவர்கள் என்றால் அது தனிக் குடும்பம்: 140 உம் 70 உம், வருடத்துக்கு 840. ஆறு பேர் ஒரு ஃபர்னஸுக்குக் கீழே இருந்துகொண்டு 1,960 டொலர் வாங்கின வீடுகள் ஸ்காபரோவிலும் பிரம்டனிலும் எத்தனை! அவர்களில் அரைவாசிப்பேர் "வரி எங்களை அழிச்சுப்போட்டுது" என்று சொல்லிக்கொண்டு திரிந்ததுதான் வேடிக்கை.

எல்லாம் சேர்ந்தால், "பத்தில் எட்டு" என்பது நேரடியாகக் கட்டின வரிக்கும் ரிபேட்டுக்கும் இடையிலான ஒப்பீட்டில் நம்பக்கூடியதுதான். உங்கள் வீடு எட்டிலா இரண்டிலா என்று அறிய இரண்டே எண் போதும்: வருட லீற்றர், வருடக் கன மீற்றர். கட்சிக்காரர் தேவையில்லை.

கல்கரி_குளிர்:

கணக்குப்பிள்ளை சார் கணக்கு சரி. ஆனா அது பாதிதான். "நேரடியாகக் கட்டின வரி" என்று அவரே ஒரு வேலி போட்டுக்கிட்டார், அந்த வேலிக்கு அந்தப் பக்கம்தான் அரசியலே நடந்தது.

நாடாளுமன்ற வரவு செலவு அதிகாரி அலுவலகம் 2023 மார்ச்சில் கொடுத்த அறிக்கையில் ரெண்டு அட்டவணை. முதல் அட்டவணையில் கட்டினதும் வந்ததும் மட்டும்: பெரும்பாலான குடும்பத்துக்கு லாபம். ரெண்டாவதில் வரியால் சம்பளமும் முதலீட்டு வருமானமும் எவ்வளவு குறையும்ங்கிற கணிப்பையும் சேர்த்தாங்க: பெரும்பாலானவங்களுக்கு நட்டம். ஆட்சியில் இருந்த லிபரல்கள் முதல் அட்டவணையைத் தூக்கிக்கிட்டாங்க, கன்சர்வேடிவ் கட்சித் தலைவர் பியேர் பொலியேவ் ரெண்டாவதைத் தூக்கிக்கிட்டார். ரெண்டு பேரும் ஒரே புத்தகத்திலிருந்துதான் படிச்சாங்க.

அப்புறம் 2024 வசந்தத்தில் ஒரு கோளாறு வெளியே வந்தது. ரெண்டாவது அட்டவணையில் குடும்பங்கள் கட்டுற எரிபொருள் வரியோட பாதிப்பு மட்டும் இருக்கணும். அதுக்குள்ள தொழிற்சாலைகளுக்கான தனிக் கார்பன் விலையோட பாதிப்பும் கலந்துபோச்சு. 2024 அக்டோபரில் திருத்தி வெளியிட்டாங்க, நட்டம் குறைஞ்சது. இன்னொண்ணு, வெள்ளமும் காட்டுத்தீயும் கொண்டுவர்ற செலவு அந்தக் கணிப்பு மாதிரியில் எந்தப் பக்கமும் கிடையாது. அதனால அந்த அட்டவணையை வச்சு "வரி இல்லாட்டி இவ்வளவு மிச்சம்"னு சொல்றதும் சரியில்லை.

ஆல்பர்ட்டா கதை வேற மாதிரி. இங்கே நாலு பேருக்கு ரிபேட் வருஷம் 1,800 டாலர். வீட்டு கேஸ் வருஷத்துக்கு 120 ஜிகாஜூல்னு (இங்கே கேஸை அளக்கிற அலகு) வைங்க, ஜிகாஜூலுக்குச் சுமார் 4.09 டாலர் வரி, ஜி.எஸ்.டி 5 சதவீதம்: 515 டாலர். மேலே சொன்ன அதே ரெண்டு வண்டிக்கு 466. மொத்தம் 981. அதாவது 819 டாலர் லாபம், ஒன்டாரியோ வீட்டை விட நாலு மடங்கு. ஆனா எதிர்ப்பு இங்கேதான் அதிகம். ஏன்?

பில்லைப் பாருங்க, புரியும். 2024 இல் ஆல்பர்ட்டா மொத்தச் சந்தையில் இயற்கை எரிவாயு ஜிகாஜூல் 2 டாலருக்கும் கீழே கிடந்தது. வரி 4.09. குளிர்கால பில்லில் கேஸுக்கான கோடு சின்னது, அதுக்குக் கீழே கார்பன் வரிக் கோடு அதைப்போல ரெண்டு மடங்கு. பொருளை விட வரி பெருசுன்னு அச்சடிச்சு மாசா மாசம் வீட்டுக்கு அனுப்பினா யார் ரிபேட்டை நினைப்பாங்க? அதுவும் ரிபேட் மூணு மாசத்துக்கு ஒரு தடவை, சத்தமில்லாம. அதோட, எண்ணெய்த் தொழிலை நம்பி இருக்கிற ஊர்ல வரியை வேலைக்கு வந்த ஆபத்தாத்தான் பார்த்தாங்க, பில் அதுக்கு ஒரு சாட்சி.

இதுக்கு மேல 2023 அக்டோபர் 26. வீட்டைச் சூடாக்கும் எண்ணெய்க்கு மட்டும் மூணு வருஷம் வரி நிறுத்தம்னு அப்போதைய பிரதமர் ட்ரூடோ அறிவிச்சார். ஏழைங்க அதிகமா அந்த எண்ணெயை நம்பி இருக்காங்க, அது கேஸை விட விலை அதிகம், எல்லாம் உண்மை. ஆனா அது அதிகம் புழங்குறது அட்லாண்டிக் மாகாணங்களில், அங்கே லிபரல் எம்.பி.க்கள். பிரெய்ரிக்காரங்களும் (ஆல்பர்ட்டா, சஸ்காச்சுவான் பக்கத்து ஆட்கள்) லிபரல்களைத் தேர்ந்தெடுத்தா பேசலாம்ங்கிற தொனியில் ஒரு மத்திய அமைச்சர் டிவியில் பேசி வேற வச்சார். சஸ்காச்சுவான் முதல்வர் ஸ்காட் மோ 2024 ஜனவரி 1 முதல் வீட்டு கேஸுக்கு வரியே வசூலிக்க மாட்டோம்னுட்டார். என் கணிப்பில் வரி செத்தது 2025 ஏப்ரலில் இல்லை, அந்த அக்டோபர் 26 தான். "எல்லாருக்கும் ஒரே விலை"ங்கிறதுதான் அதோட ஒரே நியாயம். அதை வச்சவங்களே உடைச்சாங்க.

சின்னத் தொழில் பற்றி ஒரு வார்த்தை. வசூலில் ஒரு பங்கு அவங்களுக்குத் திரும்பணும்னு ஆரம்பத்திலேயே சொன்னாங்க. 2019 முதலான பாக்கி 250 கோடி டாலருக்கு மேல, கையில் வந்தது 2024 கடைசியில். அதுவும் 499 பேருக்கு மேல போகாத தனியார் கம்பெனிகளுக்கு, ஊழியர் எண்ணிக்கையை வச்சு. எரிச்ச எரிபொருளை வச்சு இல்லை. பத்துப் பேர் வேலை செய்யிற டேக்-அவுட் கடைக்கு நல்ல தொகை. ஒரே ஒரு ஆளை வச்சு இருபது கேஸ் டிரையர் ஓடுற லாண்டிரிக்குச் சில்லறை. கம்பெனியாப் பதியாம சொந்தப் பேர்ல லாரி ஓட்டுறவருக்குப் பூஜ்ஜியம். வருஷம் 50,000 லிட்டர் டீசல் எரிக்கிற ஆள் அவர்தான், லிட்டருக்கு 21.39 சென்ட், நீங்களே பெருக்கிக்குங்க.

லீமிங்டன்_லோட்:

லொறிக்காரர் பற்றி வந்ததால் சாமான் விலைக்கு வருகிறேன். கேள்வியில் இதுக்குத்தான் ஒருவரும் இன்னும் பதில் சொல்லவில்லை.

தக்காளியையே எடுப்போம். லீமிங்டன் பசுமைக்குடிலில் இருந்து ரொறன்ரோ மொத்தச் சந்தைக்கு ஏறத்தாழ 350 கிலோமீற்றர். குளிரூட்டின ட்ரெய்லர், இருபது தொன் சரக்கு, நூறு கிலோமீற்றருக்கு 40 லீற்றர் டீசல் என்று தாராளமாக வைப்போம்: 140 லீற்றர். வரி 21.39 சதப்படி 29.95 டொலர். இருபதாயிரம் கிலோவால் பிரித்தால் கிலோவுக்கு 0.15 சதம். லொறி வெறுமையாகத் திரும்புகிறது என்று இரட்டிப்பாக்கினாலும் 0.3 சதம். கிலோ 4.39 க்கு விற்கிற தக்காளியில் இதை எங்கே காட்டுவது? இறக்கினாலும் 4.39 தான்.

குடிலுக்குள் எரிகிற காஸ் இதைவிடப் பெரிய செலவு, அது உண்மை. ஆனால் வணிகப் பசுமைக்குடில்களுக்கு இயற்கை வாயு, புரொப்பேன் வரியில் 80 வீதம் விலக்கு இருந்தது. உழவு இயந்திரத்துக்குப் போடுகிற டீசல் முழு விலக்கு. விவசாயிகளுக்கு உண்மையில் அடித்தது தானியம் உலர்த்துகிற புரொப்பேனும் கோழிக் கொட்டகையைச் சூடாக்குகிற காஸும். ஈரமான இலையுதிர்காலம் வந்தால் சோளம் உலர்த்துகிற செலவு எகிறும், அதில் வரியும் ஏறும். அதை விலக்கத்தான் சி-234 சட்டமூலம் வந்தது. செனற்றில் கொட்டகைச் சூட்டை அதிலிருந்து வெட்டித் திருப்பி அனுப்பினார்கள், அதோடு அது இழுபட்டுப்போனது. அந்த ஒரு விடயத்தில் விவசாயிகளின் முறைப்பாட்டில் நியாயம் முழுக்க இருந்தது என்பது என் எண்ணம். உலகச் சந்தை விலைக்கு விற்கிறவன் வரியை எவன் தலையிலும் கட்ட முடியாது, தானே சுமக்க வேண்டும்.

இதையே கொஞ்சம் யோசியுங்கள். சுமந்தது விவசாயி என்றால், கடையில் விலையை ஏற்றினது அந்த வரி இல்லை. இரண்டையும் ஒரே மூச்சில் சொல்ல முடியாது. மேடையில் சொன்னார்கள்.

எங்கள் அரிசிக்கு வாருங்கள். 2023 ஜூலையில் புழுங்கலும் சம்பாவும் விலை பறந்து, கடையில் ஆளுக்கு ஒரு மூட்டை என்று அளந்து கொடுத்தபோது காபன் வரி என்று முணுமுணுத்தவர்கள் உண்டு. நடந்தது வேறு. 2023 ஜூலை 20 இல் இந்தியா பாசுமதி அல்லாத வெள்ளை அரிசி ஏற்றுமதியைத் தடுத்தது, ஓகஸ்ட்டில் புழுங்கலரிசிக்கு 20 வீத ஏற்றுமதித் தீர்வை போட்டது. கப்பல் எண்ணெய்க்குக் கனடாவின் காபன் வரியே இல்லை, சர்வதேசக் கடற்போக்குவரத்து அதில் அடங்காது. துறைமுகத்தில் இறங்கின பிறகு ரயிலிலும் லொறியிலும் வருகிற தூரத்துக்குத்தான் வரி.

பணவீக்கம் 2022 ஜூனில் 8.1 வீதம். அந்த வருடம் முழுக்கக் கடை உணவு 9.8 வீதம் ஏறியது. காபன் வரி வருடா வருடம் 15 டொலர் ஏறுவதால் பணவீக்கத்தில் சேர்வது சுமார் 0.15 வீதப்புள்ளி என்று மத்திய வங்கி ஆளுநர் டிஃப் மக்கலம் சொன்னார். வரியை ஒரேயடியாக எடுத்தால் ஒரு தடவை மட்டும் 0.6 புள்ளி இறங்கும் என்றும் சொன்னார். அவர் கணக்குச் சரியாகவே வந்தது. 2025 மார்ச்சில் 2.3 வீதமாக இருந்த பணவீக்கம் ஏப்ரலில் 1.7. பெற்றோல் முந்திய வருடத்தைவிட 18.1 வீதம் குறைவு, அதில் மசகு எண்ணெய் விலை விழுந்ததும் சேர்த்தி. அதே ஏப்ரலில் கடை உணவு 3.8 வீதம் கூட! ஒரே மாதத்தில் இரண்டும்.

ஒரு இடத்தில் மட்டும் வரி நீங்கின பலன் தானாகவே இறங்கியது: சரக்குக் கட்டணத்தில் "எரிபொருள் மேலதிகம்" என்று தனிக் கோடு போடுகிற ஒப்பந்தங்கள். அது வாராந்த டீசல் விலையோடு அட்டவணைப்படி கட்டப்பட்டிருக்கும். டீசல் இறங்க அந்தக் கோடும் இறங்கும். ஆனால் அது லொறிக் கம்பனிக்கும் மொத்த வியாபாரிக்கும் இடையில் நடக்கிறது. அங்கிருந்து உங்கள் கூடைக்கு வர எந்த அட்டவணையும் இல்லை.

பழைய_பம்ப்:

வரி கண்ணில் படும், ரிபேட் கண்ணில் படாது என்று கல்கரிக்காரர் சொன்னதுக்கு இரண்டு துணுக்கு.

2019 இல் மாகாண முதல்வர் டக் ஃபோர்ட்டின் அரசாங்கம் ஒன்ராறியோவின் எல்லாப் பம்பிலும் காபன் வரி எவ்வளவு என்று ஒரு ஸ்ரிக்கர் ஒட்டச் சட்டம் போட்டது. ஒட்டாத நிறுவனத்துக்கு நாளொன்றுக்கு 10,000 டொலர் வரை தண்டம். ஸ்ரிக்கரில் ரிபேட் பற்றி ஒரு சொல் இல்லை. 2020 செப்ரெம்பரில் நீதிமன்றம் அது பேச்சுரிமைக்கு விரோதம் என்று தள்ளியது. அதுக்கு முதலே பசை சரியில்லாமல் பாதி ஸ்ரிக்கர் தானே உரிந்து விழுந்துவிட்டது.

மறுபக்கம் லிபரல்கள். ரிபேட்டை முதலில் வருடாந்த வரிக் கணக்குக்குள் கரைத்தார்கள், ஒருவருக்கும் தெரியவில்லை. 2022 ஜூலையில் இருந்து காலாண்டுக்கு வங்கியில் போட்டார்கள், கணக்கில் வந்த பெயர் பல வங்கிகளில் "கனடா ஃபெட்" மாதிரி ஏதோ ஒன்று. பிள்ளைக் காசா, ஜி.எஸ்.ரி காசா என்று ஆட்கள் குழம்பினார்கள். பெயரைக் "கனடா காபன் ரிபேட்" என்று மாற்றினது 2024 பெப்ரவரியில். வங்கிகளோடு அந்தப் பெயரைப் போடச் சொல்லி மல்லுக்கட்டி முடிக்கிறதுக்குள் வரியே போய்விட்டது. ஐந்து வருடம் காசு கொடுத்துப் பெயர் வாங்கத் தெரியாத அரசாங்கத்தை வேறெங்கும் பார்க்க முடியாது.

பம்ப் விலையை ஒப்பிடுகிறவர்கள் இன்னொன்றையும் கழிக்க வேண்டும். ஒன்ராறியோ தன் பெற்றோல் வரியில் 5.7 சதத்தை 2022 ஜூலையிலேயே வெட்டியது, 2025 வரவு செலவில் அதை நிரந்தரமாக்கியது. அதன் பிறகு 2025 இல் பம்பில் மிஞ்சினது மத்திய அரசின் 10 சதம், மாகாணத்தின் 9 சதம், எல்லாவற்றுக்கும் மேல் எச்.எஸ்.ரி.

மார்க்கம்_எக்ளிண்டன்:

எல்லாருக்கும் நன்றி. லீற்றரும் கன மீற்றரும் எடுத்துப் பார்க்க வேண்டியதுதான். இன்னும் இரண்டு கேள்வி. வரி முழுக்கப் போகவில்லை, தொழிற்சாலைகளுக்கு இன்னும் இருக்கிறது, அது மறைமுகமாக எங்கள் தலையில்தான் என்று பொலியேவ் சொல்கிறாரே? அடுத்தது, வரி நின்ற பிறகு 2025 ஏப்ரலில் வந்த காஸ் பில்லிலும் காபன் கோடு இருக்கிறது. பிழையாக எடுத்தார்களா?

சீமெந்துச்_சாந்து:

தொழிற்சாலைகளுக்கு இருப்பது உண்மை. மார்க் கார்னி 2025 மார்ச் 14 இல் பிரதமராகப் பதவியேற்ற அன்றே பூச்சியமாக்கினது எரிபொருள் கட்டணத்தை மட்டும். பெரிய ஆலைகளுக்கான விலை சட்டத்தின் மற்றப் பாகம், அது அப்படியே நிற்கிறது. ஒன்ராறியோவில் 2022 இலிருந்து மாகாணத்தின் சொந்தத் திட்டம்தான் அதை நடத்துகிறது.

ஆனால் அது வேலை செய்கிற விதம் முற்றிலும் வேறு. ஒரு சீமெந்து ஆலை, ஒரு தொன் சீமெந்துக்கு 0.80 தொன் வாயு வெளியேற்றுகிறது என்று வையுங்கள். அந்தத் துறைக்கு வகுத்த வரம்பு 0.75 என்றும் வையுங்கள் (இரண்டும் விளக்கத்துக்கான எண்கள்). பெற்றோல் மாதிரி முதல் கிலோவிலிருந்து வரி என்றால் 2025 இன் 95 டொலர் வீதத்தில் ஒரு தொன் சீமெந்துக்கு 76 டொலர். இங்கே வரம்புக்கு மேலே உள்ள 0.05 க்கு மட்டும்: 4.75 டொலர். வரம்புக்குக் கீழே வந்த ஆலைக்கு வரவு கிடைக்கும், அதை மற்ற ஆலைக்கு விற்கலாம். ஒரு தொன்னைக் குறைத்தால் மிச்சம் 95 டொலர், ஆனால் சராசரிச் சுமை அதில் சிறு துண்டு. விலையை ஏற்றாமல் புகையைக் குறைக்க வைக்கிற உபாயம் இது. பசளை, உருக்கு எல்லாவற்றுக்கும் இதே அமைப்பு.

அதனால் "மறைமுகமாக உங்கள் தலையில்" என்பது கொள்கையளவில் பொய் இல்லை, அளவில் மிகைப்படுத்தல். வரம்பை வருடா வருடம் இறுக்க இறுக்க அந்தத் துண்டு வளரும் என்பதையும் சொல்ல வேண்டும்.

இந்தத் திட்டத்தின் உண்மையான வியாதி வேறு இடத்தில். அல்பேர்ட்டாவில் வரவுகள் சந்தையில் குவிந்து, 95 டொலர் என்று எழுதியிருந்தும் பாதி விலைக்கும் கீழே கைமாறின. அப்போது யார் பணம் போட்டு ஆலையை மாற்றுவான்? 2025 மே மாதம் அந்த மாகாணம் வீதத்தை 95 இல் உறைய வைத்தது. சஸ்காச்சுவான் 2025 ஏப்ரலிலேயே தன் தொழிற்சாலை விலையை நிறுத்திவிட்டது. நவம்பரில் ஒட்டாவாவும் அல்பேர்ட்டாவும் செய்த உடன்பாட்டில் நடைமுறை விலை 130 டொலருக்குப் போக வேண்டும் என்று எழுதினார்கள். எழுதினது சந்தையில் நடக்குமா என்பதுதான் இனிப் பார்க்க வேண்டியது.

கார்னி இதை விடாமல் வைத்திருக்க இன்னொரு காரணம் ஐரோப்பா. 2026 ஜனவரி 1 முதல் உருக்கு, சீமெந்து, அலுமினியம், பசளைக்கு ஐரோப்பிய ஒன்றியம் எல்லைக் காபன் கட்டணம் போடுகிறது. சொந்த நாட்டில் கட்டின காபன் விலையை அங்கே கழிக்கலாம். இங்கே கட்டாவிட்டால் அந்தக் காசு ஐரோப்பாவுக்குப் போகும்.

கணக்குப்பிள்ளை:

காஸ் பில் பற்றி. பெரும்பாலும் பிழை இல்லை. ஏப்ரலில் வந்த பில் மார்ச் நாட்களையும் சேர்த்தது. மார்ச் 31 வரை எரித்த கன மீற்றருக்கு வரி உண்டு, அதன் பிறகு இல்லை. மீற்றரை ஒரு மாதம் விட்டு ஒரு மாதம்தான் நேரில் பார்ப்பார்கள், இடைப்பட்ட மாதம் மதிப்பீடு. பில்லில் ரீடிங்குக்குப் பக்கத்தில் மதிப்பீடா உண்மையா என்று இருக்கும். மதிப்பீட்டு மாதத்தில் மார்ச் பங்கைக் கூட்டிப் போட்டிருந்தால் வரியும் கூடியிருக்கும். அடுத்த உண்மை ரீடிங்கில் அது நேராகியிருக்கிறதா என்று மே பில்லோடு ஒப்பிடுங்கள்.

சரிபார்க்க இது போதும்: காபன் கோட்டில் உள்ள டொலரை 0.1525 ஆல் பிரியுங்கள். வருகிற எண்தான் அவர்கள் வரி போட்ட கன மீற்றர். பில் காலத்தில் மார்ச் 31 வரை எத்தனை நாள் என்று எண்ணி, மொத்தக் கன மீற்றரில் அந்தப் பங்கை எடுத்துப் பாருங்கள். இரண்டும் கிட்டத்தட்ட ஒத்துவர வேண்டும். மார்ச் குளிர், ஏப்ரல் இளஞ்சூடு என்பதால் கொஞ்சம் முன்பின் இருக்கலாம். மாதாமாதம் ஒரே தொகை கட்டுகிற சமதவணைத் திட்டத்தில் இருந்தால் தவணையைப் பார்த்துப் பயனில்லை, உண்மைப் பாவனைப் பக்கத்தைப் பாருங்கள். காஸ் விலையும் ஜனவரி, ஏப்ரல், ஜூலை, ஒக்ரோபரில் மாறும். "வரி போயும் பில் இறங்கவில்லை" என்கிற பலருக்கு அதுவும் ஒரு காரணம்.

கடைசி ரிபேட் 2025 ஏப்ரல் 22 இல் போட்டார்கள். வரி நின்ற பிறகும் வந்ததற்குக் காரணம், ரிபேட் எப்போதும் காலாண்டின் தொடக்கத்திலேயே கொடுக்கப்பட்டது. வரிப் படிவம் தாக்கல் செய்யாமல் விட்ட வருடங்கள் இருந்தால் அந்தக் காசு தானாக வராது, போட்டால்தான் வரும். அதையும் தள்ளிக்கொண்டே போக விடமாட்டார்கள். புதிதாக வந்தவர்களில் ஆர்சி 151 படிவம் அனுப்பாதவர்களுக்கு முதல் வருட ரிபேட் அப்படியே விடுபட்டிருக்கும். சி.ஆர்.ஏ. (கனடா வரித் திணைக்களம்) கணக்குக்குள் போய்க் கொடுப்பனவுப் பட்டியலில் 2022 ஜூலை முதல் ஒவ்வொரு காலாண்டும் இருக்கிறதா என்று எண்ணிப் பாருங்கள்.

பில்லில் கணக்கு ஒத்துவராவிட்டால் பாவனைப் பக்கத்தை மட்டும் படம் எடுத்து இங்கே போடுங்கள். கணக்கு இலக்கத்தையும் முகவரியையும் மறைத்துவிட்டு.